எடுத்துடு

வெட்டுவதில் மில்லியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காய் வெட்டச் சொன்னால் விரலையும் சேர்த்து வெட்டிக்கொள்வாள், அது வேறு விஷயம். வீடியோ வெட்டுவதைத்தான் சொல்கிறேன். மேடையில் ஒருவர் இருமினார் என்றால், இருமலுக்காக அவர் மூச்சை இழுக்கத் தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டி, இருமி முடித்து முகம் தெளிந்ததும் ஒட்டிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அந்த மனிதர் பிறந்ததிலிருந்து இருமியதே இல்லை என்று தோன்றும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்துக் கணக்குச் சொல்வதால் அலுவலகத்தில் அவளுக்கு மில்லி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு பயிற்சி நிறுவனத்தில். பாடம் நடத்துகிறவர்கள் கேமரா முன்னால் நின்று மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் இருமல், தும்மல், செல்போன் மணி, "நான் எங்க விட்டேன்?" என்ற கேள்வி எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாடத்தை மட்டும் மிச்சம் வைப்பது மில்லியின் பொறுப்பு. சிலருடைய பேச்சில் எல்லாவற்றையும் கழித்தபின் மிச்சம் எதுவும் இருக்காது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

அவள் வெட்டுகிற விதமே தனி. மற்றவர்கள் திரையில் படத்தை ஓட்டி, மௌஸால் இந்தப் பக்கம் இழுத்து, அந்தப் பக்கம் இழுத்து, கத்தரிக்கோல் படத்தை அழுத்துவார்கள். மில்லியின் திரையில் படமே இருக்காது. கறுப்பு ஜன்னல் ஒன்று, அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரிக் கட்டளை. எந்த ஃபைல், எங்கிருந்து, எதுவரை, வெட்டியதற்கு என்ன பெயர். தட்டிவிட்டு என்டர். "படம் எதுக்கு, நம்பர் போதும்" என்பாள். நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஆள் அழுகிறாரா சிரிக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் வெட்டித் தள்ளிவிடுவாள். இந்தப் பெருமையை வீட்டிலும் நூறு தடவை பேசியிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அவள் வாயால் கெட்டவர் அவள் வீட்டுக்காரர்.

அதற்கு முன்னால் தொழில் சமாச்சாரம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீடியோ என்றால் வரிசையாக அடுக்கிய முழுப்படங்கள் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையாது. எப்போதோ ஒருமுறைதான் முழுப்படம் வரும். நடுவில் வருவதெல்லாம் "முன்னால பார்த்த மாதிரியேதான், கை மட்டும் கொஞ்சம் நகர்ந்துச்சு" என்கிற துண்டுத் தகவல்கள். நடுவில் போய் வெட்டினால், முன்னால் என்ன இருந்தது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் முழிக்கும். மில்லிக்கு இது புதிதல்ல. கல்யாணமான புதிதில் மாமியாரும் நாத்தனாரும் "அவங்க மறுபடியும் அதே வேலையப் பண்ணிட்டாங்களாம்" என்று பேசிக்கொள்ளும்போது அவளும் இப்படித்தான் முழித்தாள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பக்கத்து நாற்காலிக்காரனின் வழி. மௌஸை விட்டுக் கை எடுக்காததால் அவனுக்குச் சுண்டெலி என்று பெயர். அவசரம் வந்தால் மட்டும் அவனும் கறுப்பு ஜன்னலுக்கு வருவான், வந்து கட்டளையில் "காப்பி" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவான். சேர்த்தால் கம்ப்யூட்டர் எதையும் புதிதாக வரையாது. முந்தைய முழுப்படம் எங்கே இருக்கிறதோ அதுவரை பின்னால் போய் அங்கிருந்தே அள்ளிக்கொண்டு வந்துவிடும். கேட்காமல் வந்த அந்த நொடிகளின் மேல் ஒரு திரையைப் போட்டு, "இதைக் காட்ட வேண்டாம்" என்று குறிப்பு எழுதிவைக்கும். நல்ல கம்ப்யூட்டர் குறிப்பைப் படித்துவிட்டு அடக்கமாக இருக்கும். பழைய டிவிப் பெட்டிகளுக்குக் குறிப்பும் தெரியாது, திரையும் தெரியாது, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும். இரண்டாவது மில்லியின் வழி. ஒவ்வொரு படத்தையும் புதிதாக வரையச் சொல்வது. நேரம் பிடிக்கும், மெஷின் சூடாகும், ஆனால் போனது போனதுதான்.

"அக்கா, காப்பி போட்டா ஒரு காப்பி குடிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்" என்பான் சுண்டெலி.

"முடிஞ்சுடும். அப்புறம் அந்த இருமல் எவன் வீட்டு டிவிலயாவது வந்து நிக்கும்" என்பாள் மில்லி.

அவள் வீட்டுக்காரர் சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்கு அடியிலும் கண்ணாடி. அங்கே உட்கார்ந்து, கீழே எறும்பு மாதிரி நிற்கிறவர்களின் தலைக்கு மேல் லாரி அளவு பெட்டிகளைத் தூக்கி, நகர்த்தி, இறக்க வேண்டும். யார்டில் அவருக்குக் கொக்கி என்று பெயர். பேச்சு குறைவு. நேரம் சொல்வதில் பெண்டாட்டிக்கு நேர் எதிர். "அஞ்சு நிமிஷம்" என்றால் அரைமணி, "அரைமணி" என்றால் அன்றைக்கு வரமாட்டார். காலையில் ஷூ நாடா கட்டுவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மற்றவர்கள் ஷூவே தைத்துவிடுவார்கள். வாசல் படியில் குனிந்து கட்டுவார், அவிழ்ப்பார், திரும்பக் கட்டுவார். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த மிச்ச வேலையைக் கூடத்து மூலையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும் மில்லி, திரும்பிப் பார்க்காமலே, "பார்த்துப் போயிட்டு வாங்க" என்பாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும். இருபது வருஷமாக இதுதான் நடைமுறை.

கிரேனில் கழிந்த அந்த இருபது வருஷத்துக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் யார்டில் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மில்லி போகவில்லை. இருமுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பேராசிரியரை அன்றைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "வரட்டுமா?" என்று ஒப்புக்குக் கேட்டாள். "நீ வந்தா எனக்கு வாய் வராது" என்றார் கொக்கி. இவருக்கு எப்போது வாய் வந்தது என்று அவளும் விட்டுவிட்டாள். கூட்டம் முடிந்து அவர் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தார். மாட்டியதும் அது ஏழு நிமிஷம் பின்னால் ஓடியது. கொடுத்தவர்கள் ஆளைத் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் அதே யார்டில்தான் வேலை.

"அண்ணி, அண்ணன் மேடையில எடுத்த எடுப்புலயே உங்களைப் பத்திதான் பேசிச்சாமே!"

"என்னைப் பத்தியா? என்ன பேசினாரு?"

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டா, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கன்னு மட்டும் சொல்றாரு. என்ன பேசினாருன்னு நினைப்பில்லையாம். சிரிச்சது மட்டும் நினைப்பிருக்காம்."

மில்லிக்கு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. இருபது வருஷத்தில் அவர் அவளைப் பற்றி அவளிடம் சொன்ன அதிகபட்சப் பாராட்டு, "இன்னிக்கு உப்பு சரியா இருக்கு" என்பது. அப்படிப்பட்ட ஆள் எண்பது பேர் முன்னால், தலைவருக்கு வணக்கம் சொல்வதற்கும் முன்னால், அவளைப் பற்றிப் பேசியிருக்கிறார். கேட்டே ஆகவேண்டும். ஆனால் வாயைத் திறந்து கேட்டால் கௌரவம் என்னாவது?

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கொக்கியே ஒரு பென் டிரைவை எடுத்துத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நேத்து பேசினது இதுல இருக்கு. நாளைக்குக் கேன்டீன் டிவில போடறாங்களாம். புதுசா பசங்க சேர்றாங்க, அவங்களுக்குக் காட்டணுமாம்."

"சரி."

"ஆரம்பத்துல இருபத்தோரு செகண்டு இருக்கு. அதை எடுத்துடு."

"எடுத்துடறேன்."

"நீ பார்க்கவெல்லாம் வேண்டாம். உனக்குத்தான் நம்பர் போதுமே."

சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மில்லிக்குச் சிரிப்பு வந்தது. பாவம், வெட்கம். நேரில் வந்து கேட்காதவளுக்காக அந்த இருபத்தோரு நொடியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார், அதைப் பட்டென்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு, இந்த மனிதர் இருபத்தொன்று என்று ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறார். இருபது என்றோ அரை நிமிஷம் என்றோ சொல்லாமல் இருபத்தொன்று. சூரியன் மேற்கில்தான் உதித்திருக்க வேண்டும். அவர் சொல்கிற நேரத்தை நம்பி எதையும் வெட்ட முடியாது என்பது ஒரு சாக்கு, ஆசை நிஜம். கறுப்பு ஜன்னலை ஓரம் தள்ளிவிட்டு, அவள் படத்தை ஓடவிட்டாள்.

மைக்கின் முன்னால் கொக்கி நின்றுகொண்டிருந்தார். வலது உள்ளங்கையைக் கால்சட்டையில் தேய்த்தார்.

"எனக்கு... உயரம்னா பயம். இருபது வருஷமா பயம். யாருக்கும் தெரியாது. வீட்டுல அவளுக்கும் தெரியாது."

படத்துக்கு வெளியே சிரிப்பு. அவர் அது அடங்கட்டும் என்று நின்றார்.

"காலையில அவ 'பார்த்துப் போயிட்டு வாங்க'ன்னு சொன்னா ஏறிடுவேன். சொல்லாத அன்னிக்கு ஏணி வரைக்கும் போயி, வயித்து வலின்னு திரும்பி வந்துடுவேன்."

மறுபடியும் சிரிப்பு, யாரோ விசில்கூட அடித்தார்கள். கொக்கி திரும்பவும் கையைத் தேய்த்துக்கொண்டு, "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார்.

மில்லி அங்கேயே நிறுத்தினாள். எண்பது பேரும் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளால் முடியவில்லை. கொக்கி நகைச்சுவை சொன்னால் முடிப்பதற்குள் அவரே சிரித்துவிடுவார். இங்கே அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வயிற்று வலி அவளுக்கு நினைவு வந்தது. அவள் காய்ச்சலில் படுத்திருந்த அன்று அவருக்கு வயிற்று வலி. அவள் விடியற்காலையில் அலுவலகம் போன அன்று வயிற்று வலி. ஒருமுறை ஜன்னல் திரைத் துணியின் நிறத்துக்காகச் சண்டை போட்டு மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். மூன்று நாளும் மனிதர் ஏணியைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கோபத்தையும் மறந்து ஸ்கேன் வரைக்கும் அழைத்துப் போனாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடல் அருமையா இருக்கே" என்று பாராட்டினார்.

முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். ஊருக்கெல்லாம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. அது அடங்கியபோது அடியில் இருந்தது வெட்கம். "பார்த்துப் போயிட்டு வாங்க" என்பதை அவள் யோசித்துச் சொன்னதே இல்லை. அது வாயிலிருந்து தானாக உதிர்வது. கூரியர் கொண்டுவருகிறவரிடமும் அதையேதான் சொல்வாள். அந்த உதிரிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தினமும் பதினைந்து மாடி ஏறியிருக்கிறார் என்றால், இவள் அதைக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாவது சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் வேலை வேலைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிவைத் தேடினாள். கொக்கியின் கணக்கு அரை நொடிதான் பிசகியிருந்தது. அந்த அளவு சரியாகச் சொல்ல, அவர் இதை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்க வேண்டும்! கடைசி விசில் அடங்கி, அவர் தலைவருக்காக மூச்சை இழுப்பதற்கு முன்னால் வெட்டி, முன்பகுதியைத் தனி ஃபைலாக எடுத்து வைத்தாள். அதைவிடச் சுத்தமான வெட்டை அவள் வாழ்க்கையில் வெட்டியதில்லை.

நாலு மணிக்குக் கொக்கி எழுந்து வந்தார். அவள் அதை ஓடவிட்டாள். அவர் நின்றபடியே பார்த்தார்.

"என்னது இது?"

"நீங்க சொன்னதுதான். எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னு சொல்ற, இதோ இருக்கே!"

"எடுத்ததாலதான் இருக்கு."

"எடுத்தா எப்படி இருக்கும்? பல்லை எடுத்துட்டாங்கன்னா பல்லு இருக்குமா?"

"போட்டோ எடுத்துட்டாங்கன்னா போட்டோ இருக்காதா?"

இருவரும் சொன்னது சரிதான். ஒரே சொல் பல்லுக்கு ஒன்றாகவும் போட்டோவுக்கு நேர்மாறாகவும் இருந்தால் குடும்பம் நடத்துகிறவர்கள் என்ன செய்வார்கள்? கொக்கி இன்னொரு உதாரணம் தேடி வாயைத் திறந்தவர், அப்போதுதான் விஷயம் உறைத்து, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப நீ பார்த்துட்ட."

"பார்த்துட்டேன்."

"நம்பர் போதும்னு சொல்லுவியே."

"உங்க நம்பரை நம்பி யாராவது வெட்டுவாங்களா?"

புதுக் கடிகாரம் மட்டும் தன் தப்பான நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா போக வேண்டாம்னு சொல்லுவ."

"சொல்லுவேன்தான்."

"அப்புறம் எப்படிப் போறது?"

"அப்ப அந்த எண்பது பேருக்கு மட்டும் எதுக்காம்?" என்றாள்.

"மேடை ரெண்டடி உயரந்தான். பயமே இல்லாம நின்னேனா, அதான் வாய்ல வந்துடுச்சு." உள்ளங்கையை முழங்காலில் தேய்த்தார். "நேத்து சிரிச்சுட்டாங்க, சரி. தினம் டிவில ஓடினா எவனாவது ஒருத்தன் யோசிப்பான். மேல இருக்கறவன் பயந்துக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சா, அடியில நின்னு கயிறு மாட்டறவனுக்குக் கை நடுங்காதா? அவன் கை நடுங்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதான் எடுத்துடுன்னேன். பல்லு எடுக்கற மாதிரி."

"சரி, எடுத்துடறேன். பல்லு மாதிரியே."

கொக்கி சவரத்துக்குக் கிளம்பிப் போனார். மில்லி கறுப்பு ஜன்னலின் முன் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில், முழுப்படங்கள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று முதலில் கேட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டர் சொன்ன பதிலில் அவள் கை நின்றுவிட்டது.

முதல் படத்துக்கு அடுத்த முழுப்படம் பன்னிரண்டாவது நொடியில், அதற்கு அடுத்தது வெட்டுக்கும் அப்பால். "அவளுக்கும் தெரியாது" என்று அவர் சொல்லி, சிரிப்பு அடங்கிய இடம். சுண்டெலி மாதிரி "காப்பி" போட்டு வெட்டினால் கம்ப்யூட்டர் அந்த இடம் வரை பின்னால் போய் அள்ளி வரும். பயம் என்ற பேச்சு முழுதும் போய்விடும். "காலையில அவ பார்த்துப் போயிட்டு வாங்கன்னு சொன்னா ஏறிடுவேன்" என்பதும் அந்த வயிற்று வலியும் மட்டும் திரைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் கொக்கி எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் கண்ணில் படாது. கேன்டீன் டிவியோ அரதப் பழசு. நாத்தனார் வீட்டுக்காரர் அதைத் தட்டித் தட்டித்தான் பார்ப்பாராம். அது குறிப்பையாவது படிப்பதாவது! நாளைக்கு யார்டே பார்க்கும். ஏனென்று கேட்டால் டிவி மேல் பழியைப் போட்டுவிடலாம்.

அவளுக்கு ஆசை வந்தது. வந்ததை மறைப்பானேன்? எத்தனையோ பேருடைய பேச்சை மெருகேற்றிக் கொடுத்தவள், ஒரு பேச்சிலும் அவள் பெயர் வந்ததில்லை. இங்கே பெயர்கூட இல்லை, வெறும் "அவ" தான், அதுவே போதும் என்றிருந்தது. கட்டளையைத் தட்டி, கடைசியில் "காப்பி" யையும் தட்டினாள். விரல் என்டர் மேல் போய் உட்கார்ந்தது.

அவ சொன்னா ஏறிடுவேன். சொல்லாவிட்டால் ஏன் ஏறமாட்டார்? மூளை உள்ள ஒருவன் இதைக் கேட்காமல் இருப்பானா? கேட்கிற ஒருவன்தான் நாளைக்குக் கயிற்றோடு கீழே நிற்பான்.

"காப்பி" யை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். என்டரைத் தட்டியதும் மெஷினின் விசிறி கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு படமும் புதிதாக வரையப்பட்டு முடிகிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் ஓட்டிப் பார்த்தாள். கொக்கி நேராக, "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார். அந்த முதல் கணத்தில் மட்டும் அவர் கை கால்சட்டையைத் தேய்த்து முடித்து விலகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு படம் தள்ளி வெட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும். மில்லி அதை அப்படியே விட்டாள். அது யாருக்கும் எதையும் காட்டிக் கொடுக்காது.

சவரம் செய்த முகத்தோடு வந்த கொக்கி மூன்று தடவை போட்டுப் பார்த்துத் திருப்தியானார்.

"தெரியவே இல்ல" என்றார். கொஞ்சம் நின்று, "அந்த இன்னொண்ணு? தனியா வெச்சியே. அதையும் எடுத்துடு."

"எடுத்துடறேன்" என்றாள் மில்லி.

திங்கட்கிழமை காலை. பென் டிரைவ் சட்டைப் பையில் இருந்தது. கொக்கி வாசல் படியில் உட்கார்ந்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். மில்லி மூலைக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அதை எடுத்துட்டியா?" என்றார், குனிந்தபடியே.

"எடுத்துட்டேன்."

எந்த எடுத்துட்டேன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வலது கால் முடிந்தது. இடது கால் முடிந்தது. வலது காலை அவிழ்த்து மறுபடி கட்டினார். இத்தனை வருஷமும் இந்த நாடா யாருக்காகக் காத்திருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டதால், அவளால் அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை. சும்மா இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு நின்றால் ஏணி வரை போய் வயிற்று வலியோடு திரும்பி வந்துவிடுவார். இன்றைக்குத் தரையில் இருப்பார். நாளைக்கும் சும்மா இருக்கலாம். அவரைக் கீழேயே வைத்திருக்க அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும். அப்படிச் செய்தால் அவர் அவளை ஒரு வார்த்தை கேட்கமாட்டார் என்றும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளைக் கொன்றது.

இடது நாடாவும் இரண்டாவது தடவை அவிழ்ந்தது.

"பார்த்து..." என்றாள். குரல் பிசிறியது. "பார்த்துப் போயிட்டு வாங்க."

கொக்கி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"இது வேண்டாம்."

"ஏன்?"

"நீ பயந்துக்கிட்டுச் சொல்ற."

"பயமாத்தான் இருக்கு."

"ரெண்டு பேரும் பயந்தா அப்புறம் யாருதான் போறது? எப்பவும் சொல்ற மாதிரி சொல்லு." மூலையைக் கை காட்டினார். "அங்க போயி உட்காரு."

மில்லி போய் உட்கார்ந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி, கறுப்பு ஜன்னலைத் திறந்து, கைக்கு வந்ததைத் தட்டினாள். தட்டும் சத்தம் வழக்கம்போலக் கேட்டது. எழுத்துகள் எதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கூரியர்காரரை நினைத்துக்கொண்டாள். எத்தனையோ பேருடைய இருமலையும் விக்கலையும் தடம் தெரியாமல் கழித்தவள் அவள். அழுகைக்காக மூச்சு இழுக்கத் தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால் சொல்லி முடித்தாள்.

"பார்த்துப் போயிட்டு வாங்க."

"ம்" என்றார் கொக்கி. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது திரையில் பதில் வந்திருந்தது. அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று கம்ப்யூட்டர் மூன்று வரியில் மூன்று தடவை சொல்லியிருந்தது.

அவள் எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள். துணி காயப்போடுகிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் யார்டின் கிரேன் எப்போதும் தெரியும். இருபது வருஷமாக அதன் முன்னால்தான் துணி உலர்த்தியிருக்கிறாள், ஒருநாளும் அதை நின்று பார்த்ததில்லை. எட்டு மணிக்கு அசைய வேண்டிய கிரேன் எட்டு மணிக்கு அசையவில்லை. எட்டு ஐந்துக்கும் அசையவில்லை. கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு பத்துக்கு அதன் நீண்ட கை மெல்லத் திரும்பி, ஒரு பெட்டியைத் தூக்கியது.

பத்து நிமிஷம் தாமதம். அவர் நேரம் அப்படித்தான். மில்லி கீழே இறங்கிப் போய் வேலையை ஆரம்பித்தாள்.